ரூம் சுத்தம் பண்றவங்க

அடுத்தவர் விட்டுப்போகிற அழுக்குதான் எங்களுக்குச் சோறு. கொடைக்கானலில் ஏரிக்குப் பக்கத்து லாட்ஜ் ஒன்றில் ரூமும் பாத்ரூமும் கழுவுகிறவள் நான். துடைப்பம் பிடிக்கிற கூட்டாளிகளே, இதெல்லாம் உங்களுக்கும் நடந்திருக்கும்.

கீசர் தண்ணி

என்னோடு வேலை பார்த்த முத்துலட்சுமி பண்ணைக்காட்டிலிருந்து வெள்ளனே பஸ் ஏறி வருவாள். புருஷன் இல்லை; மகள் ப்ளஸ் டூ. மார்கழியில் குழாய்த் தண்ணீர் எலும்பு வரைக்கும் குத்தும். கீசர் தண்ணியை நாங்கள் தொடக் கூடாது. ஒரு நாள் விறைத்த கையோடு அவள் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, அந்த ரூமில் தங்கியிருந்த ஓர் அம்மா, ஸ்வெட்டரும் குல்லாவுமாய் வாசலில் நின்று ஆசையாய்ச் சொன்னார்: “கொடுத்து வச்சவங்க நீங்க. வருஷம் பூரா ஏசியிலயே இருக்கீங்க!”

விரல்

வருகைப்பதிவுக்கு விரல் வைக்கிற மெஷின் வந்தது. ஆசிட்டிலும் ப்ளீச்சிங் பவுடரிலும் ஊறி முத்துலட்சுமிக்கு ரேகையே தேய்ந்துபோயிருந்தது. எந்த விரலை வைத்தாலும் மெஷின் ஏற்கவில்லை. வேலை பார்த்த நாளெல்லாம் லீவாகி, சம்பளம் பாதிதான் வந்தது.

“தெனமும் வந்தேனே சார், நீங்க பாத்தீங்கள்ல?” என்று அழுதாள்.

மேனேஜர் கெட்டவரில்லை. அவருக்கும் சம்பளம் தருகிறவர் லாட்ஜைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிற கான்ட்ராக்டர்தான். தலையைக் குனிந்துகொண்டார்.

“நான் பாத்தேம்மா. மெஷின் பாக்கலையே.”

கேட்டுக்கு வெளியே

முத்துலட்சுமி மகளின் படிப்பை நிறுத்தி, வத்தலக்குண்டில் ஒரு ஜவுளிக்கடை வேலைக்கு அனுப்பினாள். அதைக் கேட்டபிறகு எங்களுக்குப் பொறுக்கவில்லை. சீசனில், ரூமெல்லாம் நிரம்பிய ஒரு காலையில், வாளிகளை வைத்துவிட்டு கேட்டுக்கு வெளியே உட்கார்ந்தோம். பயமில்லாமல் பேசியவள் அவள்தான். “பிச்சை கேக்கல. பிள்ளைகளப் படிக்க வச்சு, வயித்துக்குத் திங்கிற மாதிரி கூலி குடுங்க” என்றாள். மதுரையிலிருந்து வந்து தங்கியிருந்த டீச்சர் ஒருவர்கூட எங்களோடு வந்து தரையில் உட்கார்ந்துகொண்டார்.

மத்தியானம் கான்ட்ராக்டர் வந்தார். கூலியைக் கொஞ்சம் கூட்டித் தருவதாகச் சொன்னார். முத்துலட்சுமி மட்டும் நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். எழுந்த நாங்கள் மறுபடி உட்காரப் போனோம். அவள் என் தோளைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

“எல்லாரும் பட்டினி கெடக்க வேணாம்க்கா. போங்க, அம்புட்டுச் சோலி கெடக்கு.”

கூலியைக் கூட்டிய கான்ட்ராக்டர் ஓர் ஆளைக் கழித்துக்கொண்டார். அவளுடைய ரூம்களையும் சேர்த்து இப்போது நாங்கள்தான் கூட்டுகிறோம்.