அண்ணி அளந்த ஆயில்

என் அண்ணி பால் குளிரூட்டும் நிலையத்தில் அளவுப் பணி செய்பவர். பதினேழு ஆண்டுகளாகக் காலை ஆறு மணிக்கு வெள்ளை ரப்பர் காலணியுடன் நான்கு எஃகுத் தொட்டிகளின் மேல் ஏறி, அளவுக் கோலை இறக்கி, எத்தனை லிட்டர் என்று உரக்கச் சொல்கிறார். அதே மூச்சில் கீழே நிற்கும் லாரி ஓட்டுநர்களையும் கிண்டல் செய்வார். டிராக்டரின் ஓர் உறுப்பைக்கூட அவர் கழற்றியதில்லை. எனினும் எங்கள் விவசாயிகள் சங்கத்து டிராக்டரைக் குணப்படுத்தியவர் அவரே. அதை உரிய தாள்களின் துணையுடன் இங்கே எழுதி வைக்கிறேன்.

அந்த வண்டியின் ஓட்டுநர் நான். வண்டிக்கு வயது இருபத்தெட்டு. பதினான்கு மாதங்களாக அதற்கு ஒரே நோய். சமதளத்தில் சாதுவாக உழும். மேட்டு நிலத்தில் ஏறத் தொடங்கினால் ஹைட்ராலிக் பம்ப் முனகும். தூக்கி வைத்த கலப்பை தானாகக் கீழே இறங்கும். கியர் பிடிப்பு விட்டுப்போய், இன்ஜின் மட்டும் கத்திக்கொண்டிருக்க வண்டி நின்றுவிடும். கியர்பெட்டிக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே ஆயில்தான். ஆகவே இரண்டும் சேர்ந்தே படுத்துக்கொண்டன.

மூன்று முறை பட்டறைக்குப் போனது. மூன்று முறையும் பம்பைக் கழற்றி மாட்டினார்கள், ஃபில்டரை மாற்றினார்கள், பட்டறையின் சிமெண்ட் தளத்தில் ஓட்டிக் காட்டினார்கள். தலைமை மெக்கானிக் மூன்று வேலைத்தாள்களிலும் ஒரே வரியை எழுதினார்: "ஓட்டுநரின் தவறான கையாளுகை." கியர்பெட்டியைப் பற்றி நூலகப் புத்தகங்களைக் கொண்டு நானே கற்றவன் நான், அந்த வரி எனக்குச் செரிக்கவில்லை. இதற்கிடையே சங்கத் தலைவர் கெடு வைத்தார். சனிக்கிழமைக் கூட்டத்திற்குள் காரணம் தெரியாவிட்டால் வண்டி பழைய இரும்புக்குப் போகும். நான் கிடங்கில் சாக்கு தைக்கப் போக வேண்டும்.

வியாழக்கிழமை மாலை சமையலறை மேசையில் என் கோப்பை விரித்திருந்தேன். காய்கறிப் பையுடன் வந்த அண்ணிக்கு இடமில்லை.

"என்ன தம்பி, மேசைக்குச் சட்டை தைக்கிறீங்களா? தக்காளிய எங்க வைக்கிறது, உங்க தலையிலயா?"

"இதெல்லாம் ஆதாரம் அண்ணி. என் மேல தப்பு இல்லைன்னு காட்டணும்."

"இல்லைன்னு எனக்குத் தெரியும், உங்க அண்ணனுக்குத் தெரியும், அந்த டிராக்டருக்கும் தெரியும். பாவம், அதுக்கு வாயில்ல."

தக்காளியை வேலைத்தாளின் மேலேயே வைத்தார். நான் பதறி இழுப்பதற்குள் தாள் அவர் கைக்குப் போயிற்று.

"இது என்ன, ஆயில் முப்பத்திநாலு?"

"ஊத்தின லிட்டர். டிப்ஸ்டிக்ல, அதான் ஆயில் அளக்குற கோல்ல, ஃபுல் காட்டுற வரைக்கும் ஊத்துவாங்க."

"இதுலயும் முப்பத்திநாலு. இதுலயும். சரி, வண்டி நல்லா இருந்த காலத்துல எவ்வளவு?"

நோய்க்கு முந்தைய ஆண்டின் தாளை எடுத்தேன். நாற்பத்தாறு. வண்டியின் கையேட்டைப் புரட்டினேன். நாற்பத்தாறு. அத்தாள்களை நூறு முறையாவது படித்திருப்பேன். ஒவ்வொரு முறையும் என்னைக் குறை சொன்ன வரியை மட்டுமே படித்திருக்கிறேன்.

"பன்னெண்டு லிட்டர் எங்க போச்சு? குடிச்சிட்டீங்களா?"

"தினம் காலையில நானே பாக்குறேன் அண்ணி. ஃபுல்தான் காட்டுது."

அண்ணியின் கையிலிருந்த தக்காளி உருண்டு ஓடியது. அவர் அதைப் பார்க்கவில்லை. "அது யாரோட கோல்?" என்றார்.

பால் நிலையத்தில் ஒவ்வொரு கோலிலும் தொட்டி எண் பொறித்திருக்கும். இரண்டு கோல்களை ஒரே தட்டில் கழுவக்கூடாது என்பது விதி. அந்த விதி வந்ததே அண்ணியால்தான். பணியில் சேர்ந்த முதல் மாதத்தில் மூன்றாம் தொட்டியின் கோலை முதல் தொட்டியில் இறக்கி, இல்லாத பாலை இருப்பதாக அறிவித்தவர் அவர்.

வெள்ளிக்கிழமை காலை வண்டியோடு இருவரும் பட்டறைக்குப் போனோம். தலைமை மெக்கானிக் கிரீஸ் படிந்த துணியில் கண்ணாடியைத் துடைத்து மேலும் அழுக்காக்கிக்கொண்டிருந்தார்.

"பால்காரம்மா டிராக்டர் பாக்க வந்துட்டா, நான் போய் மாடு கறக்கணுமா?"

"கறங்கண்ணே. மாடு உதைச்சா, தவறான கையாளுகைன்னு எழுதிக்கலாம்."

பட்டறையே சிரித்தது. அவரும் அடக்கப் பார்த்துத் தோற்றார். அண்ணி விடவில்லை.

"எங்க வண்டி கெட்டுப்போறதுக்கு முந்தி கடைசியா சர்வீஸுக்கு வந்திச்சே, அப்ப பக்கத்துல எந்த வண்டி நின்னுச்சு?"

"பழத்தோட்டக்காரர் வண்டி. அது ஒரு தனித் தலைவலிம்மா. வருஷத்துக்கு மேலா ஆயில் ஒழுகிட்டே இருக்கு. எத்தனை சீல் மாத்தினாலும்..."

அவர் வாக்கியம் அங்கேயே நின்றது. காது மடல்கள் சிவந்தன. கொல்லைப்புறம் போனார். ஒழுகும் வண்டி அங்கேதான் நின்றது. அதன் கோலை உருவி வந்து, எங்கள் வண்டியில் இருந்த கோலையும் உருவி, இரண்டையும் அருகருகே மேசைமேல் வைத்தார். பிடி ஒன்றுபோல, நீளத்தில் நான்கு விரல் வித்தியாசம். எங்களிடம் இருந்தது நீளமானது. ஆயில் குறைவாக இருக்கும்போதே அதன் நுனி நனைந்து 'ஃபுல்' காட்டும். மேட்டில் ஏறும்போது இருக்கும் ஆயிலும் பின்பக்கம் சரிய, பம்ப் காற்றை உறிஞ்சியிருக்கிறது. எங்கள் குட்டைக் கோலை நம்பிய பழத்தோட்டத்து வண்டியோ வயிறு முட்ட ஆயில் வாங்கிக் கக்கிக்கொண்டிருந்தது.

"ஒரே தட்டுல கழுவினீங்களா அண்ணே?"

"ஒரே தட்டுலதாம்மா" என்றார் தலைமை மெக்கானிக், பள்ளிப் பிள்ளையைப் போல.

பன்னிரண்டு லிட்டர் ஊற்றி நேரே மேட்டு நிலத்துக்கு ஓட்டினேன். மெக்கானிக் மோட்டார் சைக்கிளில் பின்தொடர, அண்ணி அவர் பின்னால் அமர்ந்து வந்தார். தூக்கிய கலப்பை ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை. பம்பின் முனகல் இல்லை. உச்சியில் நிறுத்தி, இறங்கி, மீண்டும் ஏறினேன். ஐந்து முறை. ஒருமுறையே போதும் என்று மெக்கானிக் கீழிருந்து கையசைத்தார், எனக்குப் போதவில்லை.

நான்காம் வேலைத்தாளை அவர் வண்டியின் மட்கார்டின் மேல் வைத்தே எழுதினார்: "கோல் மாறியது பட்டறையின் பிழை. ஓட்டுநர் மீது குறையில்லை." கையெழுத்திட்டு நீட்டினார்.

"இன்னொரு பிரதி வேணும்" என்றேன்.

"ஐயோ, தம்பி!" என்று அண்ணி தலையில் அடித்துக்கொண்டார். மெக்கானிக் சிரித்துக்கொண்டே இரண்டாவதையும் எழுதினார்.

சனிக்கிழமைக் கூட்டம் ஏழு நிமிடத்தில் முடிந்தது. திங்கட்கிழமை மேட்டு நிலத்தை நானே உழ வேண்டும் என்று தலைவர் சொன்னார். அன்று அண்ணி விடுப்பெடுத்து வந்து, என்னை இறக்கிவிட்டு இருக்கையில் அமர்ந்து, ஒரு சால் ஓட்டினார். அது பாம்பு போல வளைந்து மேட்டின் உச்சிவரை போயிற்று. யாரும் அதை நேராக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.