பனி பிடிக்க வந்த கள்ளிமுள் வலை

நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நான் ஃபோர்மேன். மருந்து அடைக்காத காகிதக் குழாய்களை வெளி மேடைகளில் காயப்போடுவோம். சாயங்காலம் ஐந்தரைக்கு ரவுண்டு போய், மேடையில் எது கிடந்தாலும் தார்ப்பாய் போட்டுக் கட்டிவிடுவேன். காலை ஆறு மணிக்கு வாட்ச்மேன் பிரிப்பார். என் காலத்தில் ஒரு குழாய்கூடப் பனியில் நனைந்ததில்லை. தற்பெருமை என்றால் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

செல்போன் பரவிய புதிதில் ஒரு மார்கழியில் ஜெபா என்ற காலேஜ் டீச்சர் வந்தார். சப்பாத்திக்கள்ளி முள் நுனியில் பனியைப் பிடித்து அடிக்கு இறக்குமாம். அதே மாதிரி பிளாஸ்டிக் முள் வைத்து வலை செய்திருந்தார். அதை விரிக்க மரமில்லாத வெட்டவெளி வேண்டும். நான்தான் முதலாளியிடம் சிபாரிசு செய்தேன்.

"லாரித் தண்ணி வாங்கி மாளல. பத்து நாள் பாருங்க டீச்சர். சொட்டு விழலைன்னா எடுத்துரணும்" என்றார் முதலாளி. சொட்டு விழாவிட்டால் காலேஜிலும் ஆராய்ச்சியை நிறுத்திவிடுவார்கள் என்றார் டீச்சர்.

கடைசி மேடையில் வலை, அதன் கீழே பானை. தினமும் ஏழு மணிக்கு டீச்சர் வந்து பார்ப்பார். பானை காய்ந்து கிடக்கும்.

"முள்ளு மொட்டையா இருக்கு டீச்சர், கூராக்குங்க" என்றேன். பாவம், கூராக்கினார். அதற்கும் சொட்டு இல்லை.

"இருக்கன்குடி ஆத்தாளுக்கு வேண்டிக்கிடுங்க."

"நான் சர்ச்சுக்குப் போறவ, அண்ணாச்சி."

"அதுக்கென்ன, ஒங்களுக்காக நான் வேண்டிக்கிடுதேன்." வேண்டவும் செய்தேன்.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் டீச்சர் மனசு விட்டுப்போய் வலையைக் கழற்ற வந்தார். நான் கடைசி மேடையில் தார்ப்பாய்க்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன்.

"அண்ணாச்சி, என்ன செய்றீக?"

"பனி எறங்குதுல்ல டீச்சர். அப்படியே விட்டா நனைஞ்சிருமே!"

சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. ஐயோ! டீச்சர் மேடையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"இன்னைக்கு ஒரு நாள் மட்டும் இதைத் தொடாதீக, அண்ணாச்சி."

மறுநாள் காலை பானையில் ஒரு செம்புத் தண்ணீர் இருந்தது. முதலாளி ஓடி வந்தார். "ஒம்போது நாளா வராத தண்ணி இன்னைக்கு எப்பிடி வந்துச்சு?"

நான் வாயைத் திறப்பதற்குள் டீச்சர் முந்திக்கொண்டார். "கோளாறு எங்கன இருக்குன்னு அண்ணாச்சிதான் காட்டுனாக."

முதலாளி என் முதுகில் தட்டிக்கொடுத்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

புதிதாக ஃபோர்மேன் ஆகிறவர்களுக்குச் சொல்கிறேன்: மூடுவதற்கு முன்னால், அது எதற்காக அங்கே கிடக்கிறது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். தண்ணீர் விழுந்த அன்று சாயங்காலம் ஐந்தரைக்கு இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு அந்த மேடையைக் கடந்தேன். என் சர்வீஸிலேயே கஷ்டமான வேலை அதுதான்.