செவ்வரளிப் பொட்டலம்

என் பையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். டயாலிசிஸ் மெஷின் ரிப்பேர் பார்க்கும் கம்பெனி எங்களுடையது. ஊர் ஊராக ஆஸ்பத்திரிகளுக்குப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். லாட்ஜ் அறையில் பையைத் திறந்தால் ஒருத்தனிடம் துண்டு இருக்காது, இன்னொருத்தனிடம் சார்ஜர் இருக்காது. என் பையில் எல்லாமே இருக்கும், அடுக்கிக் கொடுப்பது என் மனைவி. இஸ்திரி போட்ட சட்டைகள், போடவேண்டிய வரிசையில். கொசுவத்தி, அதற்குத் தீப்பெட்டி, இடுப்புவலித் தைலம், எள்ளுப்பொடி, பொடிக்குத் தனியாகக் குட்டி டப்பாவில் நல்லெண்ணெய். "அண்ணே, குடுத்து வச்சவன்ண்ணே நீ. எங்க வூட்லயும் இருக்காளே ஒருத்தி" என்பார்கள் கூட இருக்கும் பையன்கள். நானும் மீசையைத் தடவிக்கொள்வேன். எவ்வளவு பெரிய மடையனாக இருந்திருக்கிறேன்!

இந்த வேலைக்கு முன்னால் தட்டாஞ்சாவடியில் ஒரு பாக்கெட் போடும் பாக்டரியில் மெஷின் பார்த்துக்கொண்டிருந்தேன். மூலக்குளத்தில் வீடு, சைக்கிள் தூரத்தில் வேலை, மதியம் வீட்டுச் சாப்பாடு. ராஜா மாதிரி இருந்தேன். பாக்டரியை இழுத்து மூடினார்கள். வேறு வேலை தேடிக்கொண்டு சில மாதம் வீட்டிலேயே கிடந்தேன். காலையிலிருந்து ராத்திரி வரை வீட்டில் ஓர் ஆம்பிளை இருந்தால்தான் தெரியும், ஒரு வீட்டில் எத்தனை தப்பு நடக்கிறது என்று. ஃபேன் சும்மா ஓடுகிறது. குழாய் சொட்டுகிறது. தோசை ஒரு பக்கம் கருகுகிறது. நான் எடுத்துச் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லியிருக்கலாம், எங்கள் குடும்பத்துக் குரலே அப்படித்தான்.

அப்போதுதான் இந்த வேலை வந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கிளம்பினால் சனிக்கிழமைதான் வீடு. தூரத்து ஊர் என்றால் அந்தச் சனிக்கிழமையும் கிடையாது. சம்பளம் பழைய சம்பளத்தைவிடக் கொஞ்சம்தான் கூட. அதற்காகப் பெண்டாட்டி பிள்ளையை விட்டுவிட்டு எவனாவது நாய் மாதிரி ஊர் சுற்றுவானா? மகள் அப்போது ஆறாவது படித்துக்கொண்டிருந்தாள். அவள் வளருவதை லாட்ஜில் உட்கார்ந்து போனிலா பார்ப்பது? எனக்குக் கொஞ்சமும் மனசில்லை. ஆனால் வேறு வேலையும் இல்லை. தூக்கம் போச்சு. ஒரு வேளை போகலாம் என்றிருக்கும், அடுத்த வேளை சீ என்றிருக்கும்.

மனைவியிடம் கேட்டேன். "உங்க இஷ்டம்" என்றாள்.

"இன்னாடி உங்க இஷ்டம்? நான் இல்லன்னா உனக்குக் கஷ்டமில்லயா?"

"கஷ்டம்தான். அதுக்காக வர்ற வேலய வேணாம்னு எப்படிச் சொல்றது?"

அவள் "போவாதீங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், கம்பெனிக்காரனுக்குக் கும்பிடு போட்டிருப்பேன். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன். கடைசியில் அவள்தான் சொன்னாள், "நீங்களும் கொழம்பி எங்களையும் கொழப்பாதீங்க. அம்மன் கோயில்ல பூ கேட்டுடுவோம்."

எங்கள் பக்கம் இது வழக்கம். கல்யாணமோ, வீடு வாங்குவதோ, எதிலும் மனசு ரெண்டுபட்டால் செவ்வரளி ஒரு பொட்டலம், வெள்ளரளி ஒரு பொட்டலம் என்று வாழையிலைத் துண்டில் மடித்துக் கட்டி அம்மன் காலடியில் வைப்பார்கள். பூசாரி கற்பூரம் காட்டிவிட்டுத் தட்டை நீட்டுவார். கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். எடுத்ததைப் பிரித்தால் அதுதான் அம்மன் வாக்கு. எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிப்பதில்லை. பிரித்தால் அம்மனைச் சந்தேகப்பட்டதாகும். அதைப் பூசாரி அப்படியே கிணற்றில் போட்டுவிடுவார்.

செவப்பு வந்தால் போவது, வெள்ளை வந்தால் இருப்பது என்று பேசிக்கொண்டோம். பொட்டலம் கட்டியது அவள். நான் கண்ணை மூடிக்கொண்டு "தாயே, வெள்ளையாக் குடு, வெள்ளையாக் குடு" என்று மனசுக்குள் கெஞ்சினேன். பிரித்தேன். செவப்பு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவளுக்கும் கலங்கியிருந்தது. பாவம், அவளும்தானே பிரிந்து இருக்கப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

ஆறு வருஷம் ஓடியது. திருநெல்வேலி, சேலம், பாலக்காடு என்று எந்த ஊரிலும் ஆஸ்பத்திரியின் பின்பக்கம்தான் எனக்குத் தெரியும். பஸ்ஸில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு போனது. எந்த ஊரில் இருந்தாலும் சாயங்காலம் போன் போடுவேன். "சாப்ட்டாச்சா, பாத்து இருங்க" என்பாள். பின்னால் டிவியில் சிரிப்புச் சத்தம் கேட்கும், மகள் சிரிப்பதும் கேட்கும். சனிக்கிழமை நான் வீட்டுக்குள் நுழைந்ததும் மகள் எழுந்து டிவியை நிறுத்திவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போவாள். அப்பா என்றால் அவ்வளவு மரியாதை என்று பெருமைப்பட்டேன்.

பக்கத்து வீட்டில் ஒரு சொல்தா குடும்பம். அந்த வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், அங்கேயே தங்கி வேறு வேலை பார்க்கிறார். வருஷத்துக்கு ஒரு மாதம் வருவார். அந்த அம்மாவைப் பார்க்கும்போதெல்லாம் என் மனைவி "குடுத்து வச்சவங்க" என்று சொல்லுவாள். பிரான்ஸ் பணத்தைச் சொல்கிறாள் என்றுதான் நான் நினைத்தேன்.

போன மாசம் மேனேஜர் கூப்பிட்டார். கருவடிக்குப்பத்தில் சர்வீஸ் சென்டர் திறக்கிறார்கள். "ஒனக்கும் வயசாவுது, இடுப்பு வேற சரியில்ல. உள்ளூர்லயே உக்காந்து பாத்துக்கிறியாப்பா?" என்றார். பேட்டா போய்விடும், சம்பளம் அதே சம்பளம். யாருக்கு வேண்டும் பேட்டா! தினமும் ராத்திரி என் வீட்டில், என் தட்டில், என் சோறு. வழியில் ஜிலேபி வாங்கிக்கொண்டு ஓடினேன். ஓடினேன் என்றால் நிஜமாகவே ஓடினேன், இந்த இடுப்பை வைத்துக்கொண்டு.

விஷயத்தைச் சொன்னேன். அவள் அடுப்பைச் சின்னதாக்கினாள்.

"தெனமும் வூட்லயா?"

"ஆமாண்டி, தெனமும்!"

குழம்பை ஒரு கிண்டு கிண்டினாள். "அன்னிக்கு அம்மன கேட்டுத்தான் போனீங்க. இப்பவும் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. அவ குடுத்த வேலய நாமளா எப்படி விடறது?" என்றாள். அடடா, என்ன பக்தி என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனோம். இந்த முறையும் பொட்டலம் கட்டியது அவள்தான். அன்று சாயங்காலம் மதுரைக்குக் கிளம்பவேண்டிய நாள். வெள்ளை வந்தால் மதுரை இல்லை, பஸ் இல்லை, எதுவும் இல்லை. பூசாரி தட்டை நீட்டினார். எடுத்துப் பிரித்தேன். மறுபடி செவப்பு.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அம்மன் மேல்தான். என்னை வீட்டில் இருக்கவிடாமல் துரத்த இந்த அம்மனுக்கு நான் என்ன கெடுதல் செய்தேன் என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். அப்போது என் கை தன்பாட்டில் தட்டிலிருந்த மற்ற பொட்டலத்தை எடுத்தது. தொழில் புத்திதான். ஒரு மெஷின் கோளாறு என்றால் பக்கத்தில் நன்றாக ஓடுகிற மெஷினையும் திறந்து பார்ப்போம். நல்லது எப்படி இருக்கிறது என்று தெரிந்தால்தான் கெட்டது புரியும். ஆறு வருஷப் பழக்கம்.

"ஏங்க, அதப் பிரிக்கக் கூடாது!" என்று அவள் என் கையைப் பிடித்தாள். அதற்குள் நார் அவிழ்ந்துவிட்டது.

செவ்வரளி.

பூசாரி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். செருப்பு விட்ட இடத்துக்கு வரும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நான் சும்மா இருந்ததில்லை.

"ரெண்டுலயும் செவப்பு வச்சியா?"

"ஆமா."

"அன்னிக்கு?"

"அன்னிக்கும்தான்."

"ஏண்டி?"

"வெள்ள வந்துடுமோன்னு பயமா இருந்துச்சு."

அவள் அழவில்லை. கத்தவில்லை. பால் தீர்ந்துபோச்சு என்று சொல்வதுபோலச் சொன்னாள். அது எனக்கு இன்னும் எரிந்தது. "என் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாம்ல? சாமியக் கூட்டு சேத்துக்கிட்டுத்தான் என்ன வெளிய தொரத்தணுமா?"

"சொல்லியிருந்தா சும்மா கேட்டுக்குவீங்களா? சோத்துத் தட்டு செவுத்துல இருந்திருக்கும்." செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். "நீங்க வேலையில்லாம வூட்ல இருந்தப்ப அந்தப் புள்ள ஒங்க செருப்புச் சத்தம் கேட்டா பாத்ரூமுக்குள்ள போயி நின்னுக்கும். ஒங்களுக்குத் தெரியாது. நீங்க டூர் போன பெறவுதான் நாங்க சிரிச்சிக்கிட்டு சாப்புடுறோம்."

தட்டை எறிந்திருக்கிறேன், இல்லை என்று சொல்லவில்லை. எந்த வீட்டில் எறியவில்லை? அதற்காக அம்மன் சந்நிதியில் திருட்டுவேலை செய்வார்களா? நான் குடித்தேனா, வேறு ஒருத்தியைத் தேடிப் போனேனா? இவர்களுக்காகத்தானே பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் படுத்தேன், இவர்களைப் பிரிந்து இருப்பதற்காகத்தானே அழுதேன். ஆறு வருஷமாக நான் பிரிவு என்று நினைத்ததை இவர்கள் விடுமுறை என்று கொண்டாடியிருக்கிறார்கள். நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டாள். அன்றைக்கு அவள் கண் கலங்கியதே, அது எதற்கு என்று இப்போதுதான் புரிகிறது.

வீட்டுக்குப் போகாமல் வில்லியனூர் ரோட்டிலேயே நடந்தேன். ஒரு டீக்கடை, மறுபடி ஒரு டீக்கடை. வேண்டுமென்றே உள்ளூர் வேலையை வாங்கிக்கொண்டு வீட்டிலேயே உட்கார்ந்துவிடலாம், என்ன செய்வாள் பார்ப்போம் என்று கறுவினேன். இன்னொரு பக்கம், நான் வராததைக் கண்டு பதறிப்போய் போன் பண்ணுவாள், "தெரியாம செஞ்சிட்டேங்க, டூர் வேணாம், இங்கயே இருங்க" என்பாள் என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது வாயே திறக்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தேன். டிவி நின்றது. மகள் புத்தகத்தோடு உள்ளே போனாள். கதவோரம் என் பை தயாராக நின்றது.

உட்கார்ந்து அதைத் திறந்தேன். ஏதாவது ஒன்று குறையாதா என்று தேடினேன். ஒரு துண்டை மறந்திருந்தால்கூடப் போதும், என்னை அனுப்ப அவளுக்கு மனசு கேட்கவில்லை என்று எடுத்துக்கொண்டிருப்பேன். சட்டைகள் வரிசையாக இருந்தன. தீப்பெட்டி இருந்தது. நல்லெண்ணெய் டப்பாவைக் கவிழாமல் இருக்க ரப்பர்பேண்டு போட்டு வைத்திருந்தாள். தைலம் பழையது தீரப்போகிறது என்று புதுசும் ஒன்று வைத்திருந்தாள். எள்ளுப்பொடி மட்டும் இல்லை. மறந்துவிட்டாள் என்று ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான் சமையலறையில் மிக்ஸி ஓடுவது காதில் விழுந்தது. எள் வாசனை வந்தது.

போன் அடித்தது. மேனேஜர். "இன்னாப்பா, முடிவு சொல்றியா? இல்லன்னா வேற ஆளப் போடணும்."

உள்ளே மிக்ஸி நின்றது.

நான் சமையலறைப் பக்கம் பார்த்தேன். அவள் மிக்ஸி மூடியில் கையை வைத்தபடி, முதுகைக் காட்டிக்கொண்டு அசையாமல் நின்றாள். திரும்புவாள் என்று காத்திருந்தேன். மேனேஜர் "அலோ, அலோ" என்றார்.

"வேற ஆளப் போட்டுக்குங்க சார்" என்றேன். "நான் டூர்லயே இருக்கேன்."

மிக்ஸி மறுபடி ஓட ஆரம்பித்தது.