கேட்காமல் ஒடித்த குரோட்டன்

செடியைக் கேட்டு வாங்கினால் தழைக்காது, திருடி நட்டால்தான் தழைக்கும் என்பது எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் எல்லோருக்கும் உள்ள நம்பிக்கை. பாலர் பாடசாலையில் பிள்ளைகளுக்கு ‘அடுத்தவர் பொருளைத் தொடக்கூடாது’ என்று சொல்லிக்கொடுப்பவள் நான். ஆனால் என் வாசலில் வரிசையாக இருந்த பதினாறு பெயின்ட் வாளிகளில் ஒன்றில்கூடக் கேட்டு வாங்கிய செடி கிடையாது. ஊருக்குத்தான் உபதேசம்.

பக்கத்துக் காம்பரா வீட்டில் இருக்கும் அக்கா ஒரு குரோட்டன் வளர்த்தாள். அகலமான பச்சை இலை, நடுவில் வெள்ளைச் சுண்ணாம்பு தெளித்த மாதிரிப் புள்ளிகள். ஒரு நாள் அவள் கொழுந்தெடுக்கப் போகும் நேரம் பார்த்து ஒரு தண்டை ஒடித்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வந்தேன். மூன்றே மாதத்தில் முழங்கால் உயரம் வளர்ந்துவிட்டது. திருட்டுக்கு நல்ல கைராசி என்று எனக்கு ஒரே பெருமை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் நாயின் சத்தம் வித்தியாசமாகக் கேட்டது. வெளியே வந்து பார்த்தேன். வாயிலிருந்து எச்சில் நூல் நூலாக ஒழுகியது. முன்காலால் வாயைப் பிறாண்டியது. குரைக்கப் பார்த்தது, காற்றுத்தான் வந்தது.

“வெறி புடிச்சிருச்சு! புள்ளைங்கள உள்ள கூப்புடுங்க!” என்று யாரோ கத்தினார்கள். அவ்வளவுதான், லயமே கூடிவிட்டது. தோட்டத் தலைவர் கவ்வாத்து வெட்டிய தடித்த தேயிலைக் கம்பு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“தள்ளிக்குங்க டீச்சர். யாரையாவது கடிக்கிறதுக்குள்ள முடிச்சிரணும்.”

அவரைக் குறை சொல்ல முடியாது. எச்சில் ஒழுகும் நாயைப் பார்த்தால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். நாய்க்கு வெறித் தடுப்பூசி போட்ட துண்டுச்சீட்டை அலமாரி முழுக்கத் தேடினேன், அகப்படவில்லை. அழுதுகொண்டே திரும்பி வந்தபோதுதான் குரோட்டன் கண்ணில் பட்டது. தண்டு பாதியில் கடிபட்டுக் கிடந்தது.

அது என்ன செடி? கடித்தால் என்ன ஆகும்? அழகுச் செடி எல்லாமே எங்களுக்குக் குரோட்டன்தான், இதன் சரியான பெயர்கூட எனக்குத் தெரியாது. திருடுகிறவள் யாரிடம் போய்ப் பெயர் கேட்பாள்? தெரிந்தவள் ஒருத்திதான். அவளோ கூட்டத்தில் முன்னால் நின்றாள். அத்தனை பேர் முன்னிலையிலும் சொன்னேன்.

“அக்கா, ஒங்க குரோட்டன நான்தான் களவாண்டேன். நாய் அதக் கடிச்சிருக்கு. அது என்ன செய்யும்னு சொல்லுங்கக்கா.”

அவள் கடிபட்ட தண்டைப் பார்த்தாள். பிறகு தலைவரின் கம்பைப் பிடித்துக்கொண்டாள். “அடிக்காதீங்கண்ணே. எங்க ஆட்டுக்குட்டி இதக் கடிச்சிட்டு இப்பிடித்தான் நின்னுச்சு. ரெண்டு நாளு வாயே தொறக்கல. அப்புறம் சரியாயிருச்சு.”

தலைவர் யோசித்தார். கடைசியில், பத்து நாள் சங்கிலியில் கட்டிவைத்துப் பார்ப்பது, யாரும் கிட்டப் போகக்கூடாது என்று தீர்ப்பானது.

அன்று முழுவதும் இலையைப் படமெடுத்துக் கைப்பேசியில் தேடினேன். அந்தச் செடிக்குள் கண்ணுக்குத் தெரியாத ஊசிகள் இருக்கின்றனவாம். கடித்தால் நாக்கிலும் தொண்டையிலும் குத்தி வீங்க வைக்குமாம். சின்னப் பிள்ளைகளுக்கும் அதே கதிதான், மூச்சுக்கூட அடைக்கலாமாம். அதே செடியில் ஒரு துண்டைப் பாலர் பாடசாலை சன்னலோரம் அழகுக்காக வைத்திருந்தேன். உடனே ஓடிப்போய் எடுத்தேன். திரும்பும் வழியெல்லாம் கோவில் அரளியையும் பங்களா பாதையில் தொங்கும் வெள்ளைக் குழல் பூவையும் புதிதாய்ப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டே வந்தேன். தினமும் பார்ப்பவைதான், எது என்ன செய்யும் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

நான்காம் நாள் நாய் கஞ்சி குடித்தது. செய்தி கேட்டு வந்த அக்கா வாசல்படியில் உட்கார்ந்தாள்.

“நீ ஒடிச்ச அன்னிக்கு எனக்குக் காய்ச்சல், வேலைக்குப் போகல. சன்னல் வழியாப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.”

“பாத்தீங்களா? அப்ப ஏன்க்கா ஒண்ணும் சொல்லல?”

“வாயத் தொறந்து சொல்லிட்டா ஒனக்குத் தழைக்காதேன்னு பேசாம இருந்துட்டேன்.”

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. “கடிச்சா ஆகாதுன்னாவது சொல்லியிருக்கலாமே. நாயக் கொன்னுருப்பாங்களேக்கா!”

அவளும் நான்கு நாளாக அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள் போலும். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “இன்னும் என்னென்ன எங்க வாசல்ல ஒடிச்சிருக்க? காட்டு. எது எது ஆகாதுன்னு சொல்லிர்றேன்.”

பதினாறில் ஒன்பது வாளிகளைக் காட்டினேன்.