வாயைப் பார்த்து ஆடுகிறவர்

சீட்டுப் போட்டு முடித்ததும் வீரையன் தன் பதின்மூன்றையும் அள்ளி மடியில் கவிழ்த்து வைத்துக்கொள்வார். பார்க்க மாட்டார். எதிரில் இருப்பவர் தன் சீட்டை விசிறியாக விரித்து அடுக்கி முடிக்கும்வரை அவர் முகத்தையே பார்த்திருந்துவிட்டு, அப்புறம்தான் தன்னுடையதை எடுப்பார். "என் சீட்டு எங்க ஓடிடும்? அவன் மூஞ்சிதான் ஓடிடும்."

இடம் பம்புசெட் கொட்டகை. மும்முனைக் கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வரும்போது ஆள் இருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புக்குத்தான் ரம்மி. காசு கிடையாது. மோட்டார் ஓடத் தொடங்கியதும் தோற்றவர் மண்வெட்டியோடு போய் எல்லார் வயலுக்கும் மடை திறந்துவிட வேண்டும். ஜெயித்தவர்கள் நிழலில் கால் நீட்டிக் கிடக்கலாம். வைகாசி வெயிலில் இதைவிடப் பெரிய பந்தயம் எங்கள் ஊரில் இல்லை.

வீரையன் வாயில் எப்போதும் பற்ற வைக்காத பீடி ஒன்று இருக்கும். புகை பிடிக்கிற பழக்கம் இல்லை. தன் உதடு எதையும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக அந்தப் பீடி.

ஒரு காலத்தில் கொட்டகையில் ஆட விரித்த சாக்கைச் சுற்றி ஆறு பேர் உட்கார இடம் போதாது. ரெங்கசாமி ஜோக்கர் வந்தால் செருமுவார். எல்லாருக்கும் அது தெரிந்துபோனதும் ஜோக்கர் இல்லாமலும் செரும ஆரம்பித்தார். "பொய்ச் செருமலுக்கு முன்னாடி எச்சி முழுங்குவாரு. பாவம், கடைசி வரைக்கும் அவருக்கே தெரியாது" என்று வீரையன் இன்றும் சிரிப்பார், சிரித்து முடிக்கும்போது கண் ரெங்கசாமி உட்கார்ந்திருந்த காலி மூலைக்குப் போயிருக்கும். தெருவின் முதல் பட்டதாரியாக நான் ஊர் திரும்பிய வாரம் என்னையும் உட்கார வைத்தார்கள். "தம்பி, நல்ல சீட்டு வந்தா நீ மூச்சு விட மறந்துடுற" என்றார் வீரையன். அன்று மடை திறந்தது நான்தான்.

போனிலேயே ரம்மி ஆடலாம் என்று ஒருமுறை காட்டினேன். நாலு சீட்டு இறக்கிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இதுல பொய் சொல்ல ஒரு ஆளு இல்லையேப்பா."

கடைசியில் அவரோடு ஆட மிஞ்சியது துரைராசு ஒருவர்தான். பக்கத்து வயல்காரர், மனைவியை இழந்தவர். இஸ்பேட் ராணி கைக்கு வந்தால், ஆட்டமே போனாலும் கீழே இறக்க மாட்டார். அவரை அளக்க வீரையனிடம் ஒரு கணக்கு உண்டு: "நல்ல சீட்டு வந்தா கலைச்சவன வைவான். கை காலின்னா விருந்துக்குக் கூப்பிடுவான்." அது தப்பியதே இல்லை.

போன வைகாசியில் ஒரு மத்தியானம், நான் பக்கத்தில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். துரைராசு சீட்டை விரித்ததும் முகம் மலர்ந்தார்.

"மச்சான், இந்தக் குறுவைக்கு ரெண்டு பேருக்கும் ஒரே நாத்தங்காலா விட்டுடுவோம். தீபாவளிக்கு நம்ம வீட்லதான் சாப்பாடு, சொல்லிட்டேன். வெடக்கோழி."

"வந்துட்டாப் போச்சு" என்ற வீரையன், துரைராசுவின் கை காலி என்று முடிவு கட்டி, பயமில்லாமல் இஸ்பேட் ஜாக்கியை இறக்கினார். துரைராசு அதை எடுத்து ராணிக்கும் ராஜாவுக்கும் பக்கத்தில் செருகி, மொத்தத்தையும் சாக்கில் பரப்பினார். சுத்தமான ரம்மி.

நான் கைதட்டினேன். வீரையன் சீட்டைப் பார்க்கவில்லை. பீடியை வாயிலிருந்து எடுத்தார்.

"கை இவ்வளவு நல்லாருக்கு. அப்பறம் எதுக்கு மாப்ளே விருந்து?"

துரைராசு சாக்கின் பிரியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். "பையன் ஓசூருக்கே வந்துடுங்குறான் மச்சான். தனியாக் கெடக்காதீங்குறான். நெலத்தக் குத்தகைக்கு விட்டுட்டேன். வெள்ளிக்கெழம வண்டி வருது."

"எப்ப சொல்றதா இருந்த?"

"நான் எங்க சொல்றது? நீதான் கண்டுபுடிச்சிடுவியே."

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது. மோட்டார் உறுமி, தொட்டியில் தண்ணீர் விழுந்தது. வீரையன் எழுந்து மண்வெட்டியைத் தோளில் போட்டார். இரண்டு எட்டு வைத்தவர் திரும்பி வந்தார். குனிந்து, பரப்பிக் கிடந்த சீட்டிலிருந்து இஸ்பேட் ராணியை மட்டும் உருவி, துரைராசுவின் சட்டைப் பையில் போட்டு, வெளியே தெரியாதபடி விரலால் உள்ளே தள்ளிவிட்டார்.