அம்மா கொத்திய தரை

அறுபத்திரண்டாம் வருஷம் எங்களுக்கு நெய்வேலியில் சுரங்கக் கம்பெனியின் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. குடிபோன மறுவாரமே அடுப்படியில் ரத்தம் சிந்தியது.

வெள்ளிக்கிழமை தரையைச் சாணமிட்டு மெழுகி, அது காய்ந்த வாசனையில் எங்களை உட்காரவைத்துச் சோறு போடுவதுதான் என் அம்மா வீரம்மாளுக்குச் சந்தோஷம். இங்கே சிமெண்டுத் தரை. போட்ட சாணம் காய்ந்ததும் பொருக்காக உரிந்து வந்தது. அம்மா உளியும் சுத்தியலும் எடுத்து, அம்மி கொத்துவதுபோல அடுப்படி முழுவதையும் கொத்திவிட்டாள்.

சுரங்கத்தில் ஷிப்டு முடிந்து வந்த அப்பா அதைப் பார்த்ததும் அவளை அறைந்தார். உதடு கிழிந்தது.

"வூட்டப் புடுங்கிக்கினு தொரத்திடுவானுங்கடி!"

"மெழுகாத தரையில சோறு போட, இது இன்னா ஆஸ்பத்திரியா?"

அவர் மறுபடி கை ஓங்கினார். அம்மா சுத்தியலை வீசினாள். அப்பாவின் புருவம் பிளந்தது. பிறகு அவளே மஞ்சள் அப்பிக் கட்டினாள்.

அடுத்த வெள்ளி மெழுகிய சாணம் உரியாமல் நின்றது. தலையில் போட்ட கட்டோடு அதில் உட்கார்ந்த அப்பா, மறுசோறு கேட்டு வாங்கினார்.

"கூடத்த மட்டும் கொத்தாதடி."

"நீ அடிக்காத. நான் கொத்தல" என்று அம்மா குழம்பை ஊற்றினாள்.