ஆடலாம் என்று சொன்னவன் நான்

என் தம்பியின் மனைவி தீ மிதிப்பதாக நேர்ந்துகொண்டிருக்கிறாள் என்பது, அவள் காலுக்கு மருந்து கட்டும்போதுதான் எனக்குத் தெரியவந்தது. அவளுக்குச் சர்க்கரை வியாதி. இடது பாதத்தின் அடியில் ஒரு புண், ஐந்து மாதமாக ஆறாமல் இருந்தது. நான் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் முப்பத்துநான்கு வருடம் மருத்துவ உதவியாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். வாரத்துக்கு இரண்டு முறை தம்பி வீட்டுக்குப் போய்ப் புண்ணைக் கழுவிக் கட்டிவிடுவேன்.

"மாமா, இது திருவிழாவுக்குள்ள ஆறிருமா?" என்று கேட்டாள்.

"எதுக்குக் கேக்குற?"

"தீ மிதிக்கப் போறேன். வெள்ளிக்கெழம காப்புக் கட்டிக்கிறேன்."

"வெளையாடுறியா? சக்கர வியாதிக்காரி நெருப்புல நடந்தா கால எடுக்கவேண்டி வரும்."

"எடுத்தா எடுக்கட்டும். ரெண்டு கால வச்சுக்கிட்டு நான் எங்க டான்ஸ் ஆடப் போறேன்?" என்று சிரித்தாள். பிறகு, கதவருகே நாற்காலியில் உட்கார்ந்திருந்த தம்பியைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "நான்தானே மாமா அவர மரத்துல ஏத்துனேன். அந்தப் பாவத்த எங்க கொண்டு போய்க் கழுவுறது?"

நான் துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டேன். எங்கள் மாரியம்மன் கோயிலில் ஒரு வழக்கம். பூசாரி மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றைக் கட்டிவிட்டால், அதன்பின் நேர்ந்தவர் பின்வாங்க முடியாது. பிள்ளை செத்தாலும் நடந்துதான் ஆகவேண்டும் என்பார்கள். வெள்ளிக்கிழமைக்கு எட்டு நாள் இருந்தது. அவள் எதற்காக நடக்கப் போகிறாளோ அந்தப் பாவம் அவளுடையதல்ல, என்னுடையது. இது எனக்கு மட்டும் தெரியும்.

தம்பிக்கும் எனக்கும் பதினாறு வயது வித்தியாசம். இப்போது அவனுக்கு ஐம்பத்துநான்கு. சட்டைப் பொத்தானை எந்தத் துளையில் போடுவது என்று தெரியாமல் காலையில் வெகுநேரம் நிற்கிறான். சில நாள் என்னை அண்ணே என்கிறான். சில நாள் ஐயா என்கிறான். பேசவந்த வார்த்தை வராவிட்டால், எதிரில் இருப்பவருக்குச் சிரமம் கொடுத்துவிட்டதைப் போல வெட்கப்பட்டுச் சிரிக்கிறான்.

இந்தத் தம்பி ஒரு காலத்தில் ரக்பி ஆட்டக்காரன். பொகவந்தலாவைப் பக்கத்தில், எங்கள் தோட்டத்து ஸ்டோரில் கொழுந்துச் சாக்குத் தூக்கிக்கொண்டிருந்தவனை, தோள் அகலத்தைப் பார்த்து, உதவி மேனேஜரான சின்னதுரை கிளப் மைதானத்துக்கு அழைத்துப் போனார். அங்கே ஆடியவர்கள் எல்லாம் சுற்றுவட்டாரத் தோட்டத்துத் துரைமார். அன்று பயிற்சிக்கு ஓர் ஆள் குறைந்திருந்தது. இவனுக்குக் கொடுத்த வேலை ஒன்றே ஒன்று: பந்தோடு ஓடிவருகிறவனைப் பிடித்து விழுத்த வேண்டும்.

முதலில் பந்தோடு வந்தவர் எங்கள் தோட்டத்து மேனேஜர், பெரிய துரை. தம்பி என்ன செய்தான் தெரியுமா? தேயிலைப் பாதையில் துரை வந்தால் நாங்கள் எல்லாரும் செய்வதைத்தான் செய்தான். ஒதுங்கி வழி விட்டான். கை தானாகத் தலைக்குப் போனது, தொப்பியைக் கழற்ற. தலையில் தொப்பி இல்லை.

சின்னதுரை கத்தினார். "ஏன் வுட்டது நீ? புடிக்கணும்!"

"தொரை வாறாங்க. எப்பிடிங்க தொடுறது?"

"கிரவுண்ட்ல தொரை இல்ல. பந்து வச்சிருக்கிற ஆள் மட்டுந்தான் இருக்கிறது."

இரண்டாம் முறை பெரிய துரை வந்தபோது, தம்பி தோளைத் தாழ்த்தி இடுப்பில் கட்டித் தூக்கிச் சேற்றில் போட்டான். அந்தச் செய்தி அன்று மாலைக்குள் எல்லா லயத்து வீடுகளுக்கும் போய்விட்டது. வேலை போய்விடும் என்று எங்கள் அம்மா அழுதாள். மறுநாள் காலை, வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்குத் துரை ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்து வந்தார். "இவன்தானே? ஒரு வாரத்துக்கு நான் மோட்டார் சைக்கிள்ல ஒக்கார ஏலாது" என்று சொல்லிச் சிரித்தார். கூட்டத்தில் ஒரு கிழவர், "தொரைய விழுத்துற வேலைக்குப் பேர் பதியிறாங்கன்னா என் பேரையும் போடுங்கப்பா" என்றார். கங்காணிகூடச் சிரித்துவிட்டார்.

இரண்டு வருடத்தில் கொழும்பில் ஒரு கிளப் அவனை எடுத்துக்கொண்டது. பெயருக்கு ஒரு கம்பெனிக் களஞ்சியத்தில் வேலை, உண்மையில் ஆடுவதுதான் வேலை. பதினொரு பருவம் ஆடினான். பந்தைக் கொண்டு ஓடுகிறவனின் படம்தான் பத்திரிகையில் வரும். அந்தப் படத்தின் ஓரத்தில், தரையில், யாருடைய காலையாவது கட்டிக்கொண்டு முகம் தெரியாமல் கிடப்பவன் என் தம்பி. அப்படி ஆறு படங்களை வெட்டி வைத்திருக்கிறேன். ஒன்றில்கூட அவன் பெயர் இல்லை. அதைப் பற்றி அவன் குறைப்பட்டதே இல்லை. "தப்ப விட்டாத்தான் அண்ணே பேரு வரும்" என்பான்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன்.

அவனுடைய ஏழாவது பருவத்தில், அவனுடைய கொழும்பு அணி எங்கள் மலைக் கிளப்போடு ஆட வந்தது. அன்று மழையில் மண் சரிந்து பாதை அடைபட்டதால் ஆட்டத்துக்கு வரவேண்டிய டாக்டர் வரவில்லை. கிளப் செயலாளர் ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். அந்தக் கிளப்புக்குள் நான் பலமுறை போயிருக்கிறேன். எப்போதும் பின்வாசல் வழியாக, யாருக்காவது காய்ச்சல் மருந்து கொண்டுபோக. அன்று முன்வரிசையில், துரைமாருக்கும் அவர்கள் மனைவிமாருக்கும் நடுவில் எனக்கு நாற்காலி போட்டார்கள். பீங்கான் கோப்பையில் தேநீர் வந்தது. எதிர்ப்பக்கம், தம்பி ஆடுவதைப் பார்க்க எங்கள் தோட்டத்துச் சனம் மூன்று லொறிகளில் வந்து நின்று என்னைப் பார்த்துக் கை காட்டியது. நான் கோட்டுப் போட்டிருந்தேன்.

முதல் பாதி முடிய இருந்த நேரத்தில், ஓடிவந்த ஒரு பெரிய ஆளைத் தம்பி காலோடு பிடித்தான். அந்த ஆளின் முழங்கால் அவன் நெற்றிப்பொட்டில் அடித்தது. விழுந்தவன் கொஞ்சநேரம் அசையவில்லை. பிறகு எழுந்து, எதிரணி நிற்கும் பக்கமாக நடந்தான். நான் பையோடு ஓடினேன்.

"தம்பி, இங்க பாரு. இது எந்த ஊரு?"

"கொழும்புதானே" என்றான். சுற்றிலும் மலையும் மூடுபனியும்.

"யாரு கூட ஆடுறீங்க?"

"தெரியலண்ணே." வெட்கப்பட்டுச் சிரித்தான். "அம்மா வந்திருக்காளா?"

அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

இது என்னவென்று எனக்குத் தெரியும். தலையில் அடிபட்டு நினைவு குழம்பியவனை எழுப்பி நடமாடவிடக்கூடாது, இன்னொரு அடி அவனுக்கு விழக்கூடாது. இதை எனக்குப் படிப்பித்திருந்தார்கள். பரீட்சையில் எழுதியிருக்கிறேன். தம்பி அணியின் மேலாளர் வந்து நின்றார். "ஐயா, ஆடலாமா? இல்லேன்னா ஆள மாத்துறோம், ஆள் இருக்கு" என்றார். அவர்மேல் ஒரு பிழையும் இல்லை.

நான் திரும்பிப் பார்த்தேன். அந்த நாற்காலி தெரிந்தது. வேண்டாம் என்றால் நான் தம்பியைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். லொறியில் வந்த சனம் ஏமாந்து திரும்பும். இவ்வளவும் ஒரு மூச்சு விடும் நேரத்துக்குள் என் மனதில் ஓடியது.

"ஆடலாம்" என்றேன்.

தம்பி இன்னும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அம்மா லொறிக்கிட்ட நிக்கிறா. போய் ஆடு" என்று அவன் முதுகில் தட்டினேன். அவன் லொறிப் பக்கம் கையசைத்துவிட்டுப் போனான்.

இரண்டாம் பாதியில் அவன் விடாமல் பிடித்தான். கடைசியில் ஒருமுறை விழுந்தவனை இரண்டுபேர் தூக்கி நிறுத்தவேண்டியிருந்தது. அவன் அணி வென்றது. அன்று இரவு என் வீட்டில் மூன்று முறை வாந்தி எடுத்தான். கல்யாணமாகி ஒரு வருடமே ஆகியிருந்த அவன் மனைவியிடம், "மலைப்பாதை பஸ் ஒத்துக்கல" என்றேன். அதன்பின் இன்னும் நான்கு பருவம் ஆடினான். எத்தனை அடி விழுந்ததோ தெரியாது. எல்லாவற்றுக்கும் அந்த ஒரு நாள்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. அந்த ஒரு நாளுக்கு நான் காரணம். அவ்வளவுதான் சொல்கிறேன்.

ஊர் திரும்பிச் சில வருடங்களில் அவனுக்கு மறதி தொடங்கியது. அதை முதலில் கவனித்தவன் நான். வாயைத் திறக்கவில்லை. அப்புறம் ஒருநாள், விறகுக்குக் கிளை வெட்டச் சொல்லி அவன் மனைவி அவனைச் சவுக்கு மரத்தில் ஏற்றினாள். ஆள் உயரம்கூட இல்லை, அங்கிருந்து வழுக்கி விழுந்தான். முழங்கையில் சிராய்ப்புத்தான். அதற்கடுத்த மாதம் கடைக்குப் போனவன் வழி தெரியாமல் நின்றான். அவள் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

கண்டியில் நரம்பு டாக்டரிடம் போனபோது நானும் கூடப் போனேன். டாக்டருக்குச் சிங்களம், அவளுக்குத் தமிழ் மட்டும். நடுவில் நான். ஆடிய காலத்தில் தலையில் அடிபட்டு எப்போதாவது நினைவு தடுமாறியதா என்று டாக்டர் கேட்டார். அந்தக் கேள்வியை நான் அவளிடம் கொண்டு போகவே இல்லை. "எல்லாருக்கும் படுகிற சின்ன அடிகள்தான்" என்று சிங்களத்தில் நானே சொல்லிவிட்டேன். அவள் என் கையைப் பிடித்து, "மரத்துல இருந்து விழுந்தத சொல்லுங்க மாமா, நான்தான் ஏறச் சொன்னேன்னு சொல்லுங்க" என்றாள். அதை ஒரு எழுத்து விடாமல் மொழிபெயர்த்தேன். ஏழு வருடம் ஆயிற்று.

எட்டு நாளில் ஏழு நாளைக் கடத்தினேன். வியாழக்கிழமை காலையில் போனேன். அவள் ரொட்டியைப் பிய்த்துத் தேங்காய்ச் சம்பலில் தொட்டுத் தம்பிக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். நான் நின்றுகொண்டே சொன்னேன். நாற்காலியைச் சொன்னேன். அம்மா லொறிக்கிட்ட நிற்கிறாள் என்றதைச் சொன்னேன். கண்டியில் விழுங்கியதைச் சொன்னேன்.

அவள் ஊட்டுவதை நிறுத்தவில்லை. ரொட்டி முடிந்தது. அவன் வாயைத் துடைத்தாள்.

"செத்தவள லொறிக்கிட்ட நிக்க வச்சீங்களா?" என்றாள்.

"ஆமா."

"ஏழு வருஷமா நான் அந்த மரத்தப் பாக்க மாட்டாம, சுத்துப் பாதையில தண்ணிக்குப் போறேன் மாமா. நீங்க வாரத்துக்கு ரெண்டு வாட்டி வந்து எங் கால கழுவுறீங்க."

நான் அவள் காலில் இருந்த கட்டைப் பார்த்தேன்.

"எங்கிட்ட சொல்லி என்ன? அவருகிட்ட சொல்லுங்க" என்றாள்.

தம்பியின் முன் தரையில் உட்கார்ந்தேன். அன்று அவனுக்கு நான் அண்ணன் இல்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டு முழுவதையும் மறுபடி சொன்னேன். முன்பின் தெரியாத ஒருவரின் கஷ்டத்தைக் கேட்பவனைப் போல மரியாதையாகக் கேட்டான். முடிந்ததும் என் தோளைத் தட்டினான்.

"பரவால்லீங்க ஐயா. எந்திரிங்க, தர குளிரு."

"பாத்தீங்களா, ஒங்களுக்கு எவ்வளவு லேசாப் போச்சு" என்றாள் அவள், அடுப்படியில் இருந்து. "எனக்குக் கொஞ்ச நாளாகும்."

அவன் சொன்னதை நான் மன்னிப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. யாரை மன்னிக்கிறோம் என்று அவனுக்குத் தெரியாது. ஆனாலும் அந்தக் கை என் தோளில் இருந்த நேரம் எனக்கு அழுகை வந்தது உண்மை.

வெள்ளிக்கிழமை அவள் காப்புக் கட்டவில்லை. "செய்யாத தப்புக்கு எதுக்கு நடக்கணும்? ஆத்தாவுக்குத் தெரியும்" என்றாள். அப்படியானால் நான் நடக்கவா என்று கேட்டேன். "நீங்க நடந்து கால சுட்டுக்கிட்டா யாரு மருந்து கட்டுறது? அதுவும் நானா?" என்றாள். தீமிதி அன்று அவள் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தின் ஓரத்தில் நின்றாள். நான் சற்றுத் தள்ளி நின்றேன்.

இப்போது தினமும் காலையில் போய்த் தம்பியைக் குளிப்பாட்டுகிறேன். அது அவள் இட்ட வேலை. சுடுதண்ணீர் எடுத்து வைத்திருப்பாள். பேச்சு அதிகம் இல்லை. போன வாரம் புண்ணைப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு மாதத்தில் ஆறிவிடும் என்றேன்.

"நெசமாவா? இல்ல, இதுவும் ஒங்க 'ஆடலாம்' மாதிரியா?" என்றாள்.

நெசம்தான் என்றேன்.

அடுத்த மாதம் மறுபடி கண்டிக்குப் போகவேண்டும். டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும் என்று சொல்லிவிட்டாள். பாதியை விட்டுவிடக் கூடாது என்றுதான் இதை எழுதிப் பார்க்கிறேன். மொழிபெயர்ப்புக்கு இந்த முறை நான் இல்லை. ஹட்டனில் ஒரு கடையில் வேலை செய்யும் அவளுடைய அண்ணன் மகள் வருகிறாள், நல்ல சிங்களம் பேசுவாளாம். பஸ்ஸில் தம்பிக்கு ஜன்னல் பக்கம். அவனுக்குப் பக்கத்தில் யார் உட்காருவது என்று அவள் இன்னும் சொல்லவில்லை.